ஒரு நீளம், மூன்று குட்டை

நசியனூர் பிரிவில் எங்கள் எடைமேடை.
ராத்திரி பதினொன்று நாற்பது.
மேடைமேல் மஞ்சள் லாரி ஒன்று,
அதன் பின்னால் ஏழு,
எட்டாவது இப்போதுதான் திரும்புகிறது.

பொத்தானை அமுக்கினேன்.
விசிறி சுற்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது.
திரை மட்டும் அமாவாசைக் கிணறு.
பிறகு அந்தச் சத்தம்:
ஒரு நீளம், மூன்று குட்டை.
கொஞ்சம் விட்டு மறுபடியும்
ஒரு நீளம், மூன்று குட்டை.

பக்கத்திலேயே எடைப்பெட்டி
சிவப்பு எழுத்தில் பளிச்சென்று சொல்கிறது:
இருபத்தோராயிரத்து நானூற்று அறுபது.
நான் பார்க்கிறேன், டிரைவர் மாரப்பன் பார்க்கிறார்,
மண்டி ஆள் சன்னலில் எட்டிப் பார்க்கிறான்.
மூன்று பேர் கண்ணில் இருக்கும் எடை
சீட்டில் ஏறாவிட்டால் எடையே இல்லை.

“கையில எழுதிக் குடுங்கம்மிணி,
இருபத்தோராயிரத்து நானூறுன்னு, ரவுண்டா.”
அறுபது கிலோ மஞ்சள்
அந்த ரவுண்டுக்குள் காணாமல் போகப் பார்த்தது.
“சித்தெ இருங்க” என்றேன்.

குருநாதனைக் கூப்பிட்டேன். அந்தியூர்த் தேரில் இருந்தார்.
பின்னால் கொட்டு, குதிரைக் கனைப்பு, யாரோ விலை பேசுவது.
“வயரைப் புடுங்கிச் சொருகுங்க.” சொருகினேன்.
“வேற பிளக்கு?”
என் செல் சார்ஜரைக் கழற்றிவிட்டு மாட்டினேன்.
“சத்தம் எப்பிடி வருது?”
போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
அத்தனை குதிரைகளையும் தாண்டிக் காதைத் தீட்டினார்.
“மெமரிங்க. பக்கத்துத் தகட்டைத் தொறங்க.”

திருப்புளி இல்லை.
ரெண்டு ரூபாய் நாணயம் வழுக்கியது.
செல்லாத இருபத்தைந்து பைசா
கச்சிதமாய்ப் பிடித்தது.
நாலாவது திருகு முன்னமே இல்லை;
போன தடவை திறந்தவர்களைக் கேட்கணும்.

தகட்டை நகர்த்தினால்
உள்ளே முழுக்க மஞ்சள்.
விசிறியில், வயர்களில், பலகையின் இடுக்கில்
ஆடிக்காத்து கொண்டுவந்து அப்பிய மஞ்சள்,
ஆறு வருஷமாய்க் கடந்துபோன லாரிகளில்
எந்தச் சீட்டிலும் ஏறாத மஞ்சள்.
தும்மினேன். மாரப்பன் தும்மினார்.

“ரெண்டு பக்கக் கொக்கியையும் விலக்குங்க,
குச்சி மேல வரும். அடியில
தங்கப்பல்லாட்டம் இருக்குதுங்களா?
ரப்பர் போட்டுத் தேயுங்க. பென்சில் ரப்பர்.”

எடைமேடையில் பேனா உண்டு,
கார்பன் உண்டு, ஸ்டாம்பு உண்டு.
அழிக்கிற சாமான் வைத்துக்கொள்வதில்லை.

மாரப்பன் காதில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினார்:
சிவப்புப் பென்சில், வால்முனையில் ரப்பர்.
“டிரிப் கணக்கு பென்சில்லதானுங்க எழுதோணும்.
ஓனரு அப்பறமேல்ட்டு மாத்தச் சொல்லுவாரு.”

பல் பல்லாய்த் தேய்த்தேன்,
முன்பக்கம், பின்பக்கம்.
வெளியே ஹாரன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.
குச்சியைத் திரும்ப அழுத்தியபோது எழுந்த டக்
காதில் அல்ல,
விரல் எலும்பில் கேட்டது.

பொத்தான்.
இந்த முறை
ஒரே ஒரு குட்டை.

அவசரத்தில் சீட்டை அடித்துவிட்டேன்.
மாரப்பன் விளக்கடியில் பிடித்துப் படித்தார்.
“அம்மிணி, ரெண்டாயிரத்து ஒம்பது சனவரி ஒண்ணுன்னு இருக்குது.”
உள்ளே பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது,
பெட்டிக்குத் தான் பிறந்த நாள் மட்டும்தான் ஞாபகம்.
“அன்னைக்கு இந்த வண்டியே இல்லீங்க.
வண்டிக் கடனும் இல்லீங்க.
கிழிக்காதீங்க, நான் வெச்சுக்கறேன்.”

தேதியைத் திருத்தி இன்னொன்று அடித்தேன்:
நாள், மாதம், வருஷம், பன்னிரண்டு இருபத்தைந்து,
இருபத்தோராயிரத்து நானூற்று
அறுபது என்று வாசித்தபோது
மண்டி ஆள் தன் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன்.
ரப்பர் தேய்ந்து தகரம்தான் மிச்சம்,
ஓரமெல்லாம் மஞ்சள்.
மாரப்பன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
“போச்சாதுங்க.
இந்த டிரிப்பு எழுதுனது எழுதுனதுதான்.”
காதில் செருகிக்கொண்டு லாரியை இறக்கினார்.

மேடை சுழியத்துக்கு வந்தது.
அடுத்த வண்டி.